ஒத்தி எடுக்காத துண்டு

லேப்ல என்னைக் கத்தியக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. வெட்டுறது என் வேலைங்கிறதால பாதி, என் நாக்கு அப்படிங்கிறதால மீதி. ரெண்டுக்கும் நான் கோவிச்சுக்கிட்டது கிடையாது. ஆபரேஷன் நடந்துக்கிட்டு இருக்கறப்பவே தியேட்டர்லேருந்து சதைத்துண்டு வரும். அதை உறைய வெச்சு, தலைமுடியை விடப் பத்து மடங்கு மெலிசாச் சீவி, கண்ணாடியில ஏத்தி, சாயம் போட்டு எங்க டாக்டரம்மா கையில கொடுக்கணும். பத்தொன்பது வருஷமா இதுதான் என் பொழப்பு. நோயாளி மேஜையில மயக்கத்துல கிடப்பாங்க, சர்ஜன் கையைக் கட்டிக்கிட்டு நிப்பார். இருபது நிமிஷத்துல டாக்டரம்மா சொல்லணும், புற்றா இல்லையான்னு. அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் மேற்கொண்டு வெட்டுறதா, தையல் போடுறதான்னு முடிவு பண்ணுவாங்க. இந்த வேலைக்கு எங்க பாஷையில ஃப்ரோசன்னு பேரு.

அன்னிக்குக் காலையில தியேட்டர் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். மூணாவது பேர்ல கண்ணு நின்னுடுச்சு. தைராய்டு கட்டி, வலது பக்கம், ஃப்ரோசன் தேவைன்னு போட்டிருந்துச்சு. பேரு என் ஓரகத்தியோட பேரு. வயசும் அவளோட வயசு.

அவளுக்குக் கழுத்துல கட்டின்னும், ஊசி குத்தி எடுத்த சோதனை ரெண்டுங்கெட்டானா வந்திருக்குன்னும் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிக்கு ஆபரேஷன்னு அவருக்கும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் ஒண்ணரை வருஷமாப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் நான்தான், அதை மறைக்க என்ன இருக்கு. மாமனார் அவ வீட்டுல இருந்தப்போ, காலையில கொடுக்க வேண்டிய சர்க்கரை மாத்திரையை அவ ராத்திரியில கொடுத்துட்டா. மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்துடுச்சு. சர்க்கரைத் தண்ணி கொடுத்துத் தேத்தினோம், ஒண்ணும் ஆகலை. ஆனா மறுநாள் சொந்தக்காரங்க நாலு பேர் இருக்கறப்போ நான் கேட்டேன், "உன்னை நம்பி ஒரு உயிரை விட்டுட்டுப் போக முடியுமாடி?" எதுக்கும் பதில் வெச்சிருக்கிறவ அவ. வாய் மட்டும் இல்லைன்னா இவளை நாய் தூக்கிட்டுப் போயிடும்னு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அப்படிப்பட்டவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. அதோட முடிஞ்சுது.

அவளுக்கு வேலையே வாய்தான். கரெண்ட் ஆபீஸ்ல புகார் எடுக்கிற போன்ல எட்டு மணி நேரம் பேசுவா. வீட்டுக்கு வந்தும் ஓவர்டைம் பார்ப்பா. அதனாலதான் எனக்குப் பயமே. தைராய்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் நூல் மாதிரி ஒவ்வொரு நரம்பு ஓடுது. குரல் அதுலதான் இருக்கு. வலது பாதியை மட்டும் எடுத்தா ஒரு நரம்புக்குத்தான் ஆபத்து. புற்றுன்னு நாங்க சொல்லிட்டா இடது பாதியையும் எடுப்பாங்க. அப்போ ரெண்டு நரம்புக்கும் ஆபத்து, காலம் பூரா மாத்திரை வேற. புற்றை இல்லைன்னு சொல்லிட்டா அது உள்ளேயே உட்கார்ந்து வளரும். எந்தப் பக்கம் தப்புப் பண்ணினாலும் அடி அவளுக்குத்தான்.

சொந்தக்காரங்க துண்டை நாங்க தொடக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. டாக்டரம்மாகிட்டச் சொல்லியிருக்கணும். ஆனா எங்க லேப்ல இந்த மெஷினைத் தொடத் தெரிஞ்ச இன்னொருத்தி முந்தின வாரம்தான் பிரசவ லீவுல போயிருந்தா. நான் கையை விரிச்சா ஆபரேஷனை ரத்து பண்ணி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வெறும் வயித்தோட, பயத்தோட வந்து படுத்திருக்கிறவளை எழுப்பி அனுப்பணுமா? வாயை மூடிக்கிட்டேன். இதெல்லாம் பெருந்தன்மைன்னு நினைச்சுக்காதீங்க. என்னை விட்டா யாரு ஒழுங்கா வெட்டுவாங்கிற திமிரும் அதுல இருந்துச்சு.

பேரைப் பார்த்த நேரத்துல மெஷினைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். உறைவெட்டு மெஷின்னா ஒரு ஐஸ் பெட்டி, உள்ள ஒரு பிளேடு. எப்பவும் மைனஸ் இருபத்தஞ்சு டிகிரி. அதுக்குள்ளேயே ஒரு கனமான உலோகக் கட்டி இருக்கும். துண்டைத் தட்டுல வெச்சு, பசை ஊத்தி, அந்த ஜில்லுன்னு இருக்கிற கட்டியை மேல வெச்சு அழுத்தினா சட்டுன்னு உறைஞ்சுடும். சட்டுன்னு உறையணும், அதுதான் சூட்சுமம். மெதுவா உறைஞ்சா சதைக்குள்ள இருக்கிற தண்ணி பெரிய பெரிய ஐஸா மாறி செல்லைக் குத்திக் கிழிச்சுடும். துடைக்கிறதுக்காக அந்தக் கட்டியை வெளியே எடுத்து மேஜையில வெச்சிருந்தேன். திரும்ப உள்ள வைக்கணும்கிறது அந்தப் பேரோட சேர்ந்து மறந்தே போச்சு.

பதினொண்ணு இருபதுக்குச் சுவத்துல இருக்கிற சின்ன ஜன்னல் திறந்துச்சு. அந்தப் பக்கம் தியேட்டர் நர்ஸ். "தைராய்டு, வலது பாதி. சார் காத்துக்கிட்டு இருக்கார்"னு டப்பாவை நீட்டினாங்க. வாங்கினேன். டப்பா இளஞ்சூடா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல எத்தனை டப்பா வாங்கியிருப்பேன், ஒண்ணு கூடச் சூடா இருக்குன்னு என் கைக்குத் தெரிஞ்சதில்ல.

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கிட்டு வந்தாங்க. ஐம்பத்தஞ்சு வயசு, சிரிச்சுப் பேசுவாங்க, ஆனா கத்தியை எடுத்தா சிரிப்பு நின்னுடும். கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாங்க. பெரிய நெல்லிக்காய் அளவு, பழுப்பு நிறம், ஓரத்துல ஒரு இடம் மட்டும் வெளுப்பா இருந்துச்சு. அந்த இடத்துலேருந்து ஒரு சின்ன வில்லையை எடுத்துத் துணி மேல வெச்சு, "ஒத்தி எடுத்துட்டு வைம்மா"ன்னு சொன்னாங்க. அதுக்குள்ள வேற வார்டுலேருந்து போன். அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க.

ஒத்தி எடுக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஈரமா இருக்கிற வெட்டுமுகத்துல கண்ணாடியை மெதுவா வெச்சு எடுத்தா செல்லெல்லாம் அதுல ஒட்டிக்கும். ஐஸ் படாத செல். உறைய வெச்ச சதை சில நேரம் ஏமாத்தும், தைராய்டுல ரொம்பவே ஏமாத்தும். ஒத்தி எடுத்தது பக்கத்துல இருந்தா ஏமாற மாட்டோம். பத்து செகண்ட் வேலை. அந்தப் பத்து செகண்டைத்தான் நான் விட்டேன். சீக்கிரம் முடிக்கணும், அவ மயக்கத்துல கிடக்குற ஒவ்வொரு நிமிஷமும் என்னாலதான்னு மனசு அடிச்சுக்கிச்சு. கை நேராத் தட்டுக்குப் போயிடுச்சு. பசையை ஊத்தினேன். உலோகக் கட்டியைத் தேடினேன், மேஜை மேல இருந்துச்சு. எடுத்து வெச்சு அழுத்தினப்போதான் அது ஜில்லுன்னு இல்லைன்னு உறைச்சுது. பரவாயில்ல, பெட்டிக்குள்ளதானே இருக்கு, எப்படியும் உறைஞ்சுடும்னு விட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான்.

பிளேடுல ஓட்டினேன். வழக்கமாப் பட்டு மாதிரி இறங்கும். அன்னிக்குப் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. நாலாவது சீவல்தான் முழுசா வந்துச்சு. சாயம் போட்டுக் கொடுத்துட்டேன்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்ல குனிஞ்சாங்க. நான் பின்னாடி நின்னேன். அவங்க தோளைப் பார்த்தே எனக்கு முடிவு தெரியும். நல்ல சேதின்னா தோள் இறங்கும். அன்னிக்கு இறங்கலை.

"ஓட்டை தெரியுது"ன்னாங்க. "உட்கருவுக்குள்ள ஓட்டை ஓட்டையா இருக்கு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. வெளுத்துப் போயும் இருக்கு."

தைராய்டுல வர்ற சாதாரணப் புற்றுக்கு அதுதான் அடையாளம்.

போன் அடிச்சுது. ஸ்பீக்கர்ல போட்டாங்க. சர்ஜன் குரல். "என்ன டாக்டர், இன்னும் எவ்வளவு நேரம்? வலது நரம்பைச் சுத்தி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கஷ்டப்பட்டுத்தான் பிரிச்சேன். இடது பக்கம் போகணும்னா இப்பவே சொல்லுங்க. வேண்டாம்னா நான் தொட மாட்டேன்."

"புற்று மாதிரிதான் தெரியுது. ஒரு நிமிஷம் கொடுங்க"ன்னு சொல்லிட்டு டாக்டரம்மா கையை மட்டும் பின்னாடி நீட்டினாங்க. "ஒத்தி எடுத்ததைக் கொடும்மா. அதையும் பார்த்துட்டுச் சொல்லிடலாம்."

நீட்டின கை அப்படியே இருந்துச்சு. கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல.

'சரியா வரலை மேடம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒத்தி எடுக்கிறது சில நேரம் வராமப் போறதும் உண்டுதான். யாரும் கேக்க மாட்டாங்க. கத்தியக்காவோட பத்தொன்பது வருஷம் அப்படியே பத்திரமா இருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு அந்த வார்த்தை.

இன்னொண்ணும் என்னைப் பிடிச்சு இழுத்துச்சு. அந்த ஓட்டையெல்லாம் என் ஐஸ் போட்டதுன்னு நான் நினைக்கிறேனே, அது என் அறிவு சொல்றதா, ஆசை சொல்றதா? அவளுக்குப் புற்று இருக்கக்கூடாதுன்னு எனக்கு ஆசை. அந்த ஆசையில நான் பேசப் போய், நிஜப் புற்றை உள்ள விட்டுட்டுத் தையல் போட்டுட்டா? என் மேல எனக்கே நம்பிக்கை இல்லாமப் போன நிமிஷம் அதுதான். நான் வேண்டாத சாமி இல்ல.

"ஏம்மா, எங்க?"

"எடுக்கலை மேடம்."

அவங்க நிமிர்ந்தாங்க.

"ஒத்தி எடுக்க மறந்துட்டேன். உலோகக் கட்டியும் வெளியவே இருந்துச்சு, ஜில்லுன்னு இல்ல. தெரிஞ்சும் அப்படியே விட்டேன். துண்டு மெதுவாத்தான் உறைஞ்சுது. வெட்டுறப்பவே உதிர்ந்துச்சு. அந்த ஓட்டை ஐஸ் போட்ட ஓட்டையா இருக்கலாம். நிஜமாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கண்ணாடியை நம்பிச் சொல்லாதீங்க."

ஸ்பீக்கர் ஆன்லயே இருந்துச்சு. அந்தப் பக்கம் மெஷின் கூவுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவளோட நாடித்துடிப்பு அது.

"என்ன ஆச்சு உனக்கு?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. குரலை உயர்த்தலை, அதுதான் தாங்க முடியலை.

"உள்ள படுத்திருக்கிறது என் ஓரகத்தி."

"காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

அவங்க முகம் சிவந்துச்சு. ரெண்டு செகண்ட் என்னைப் பார்த்தாங்க. அறைஞ்சிருந்தாக் கூட வாங்கிக்கிட்டு நின்னிருப்பேன். போன் பக்கம் திரும்பி, "சார், நான் சொன்னதை எடுத்துக்காதீங்க. இடது பக்கத்தைத் தொட வேண்டாம். எனக்கு இன்னும் பத்து நிமிஷம் வேணும்"ன்னாங்க. அவர் என்னமோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தையா இருக்காது.

"மீதிக் கட்டியைப் பதப்படுத்துற மருந்துல போட்டுட்டியா?"

"இல்ல மேடம். அப்படியே இருக்கு."

"அந்த மட்டும் தப்பிச்ச. திரும்ப எடுக்கிறேன். உன்னால முடியுமா, இல்ல நானே வெட்டவா?"

அவங்க மெஷினைத் தொட்டுப் பத்து வருஷம் இருக்கும். "நானே பண்றேன்"னேன். சொன்ன பிறகுதான் கை நடுங்குறதைப் பார்த்தேன்.

வெளுத்த இடத்துலேருந்து இன்னொரு வில்லை கொடுத்தாங்க. இந்தத் தடவை பக்கத்துலயே நின்னாங்க, மாமியார் மாதிரி. ரத்தத்தைத் துணியால உறிஞ்ச விட்டேன். கண்ணாடியை வெச்சேன், எடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இழுக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. கையை மேஜை விளிம்புல முட்டுக் கொடுத்துக்கிட்டேன். நாலையும் உடனே ஸ்பிரிட்டுல முக்கினேன். உலோகக் கட்டியை நம்பாம, உறைய வைக்கிற ஸ்பிரேயை எடுத்துத் துண்டு மேல அடிச்சேன். ஒரே மூச்சுல வெள்ளையா இறுகுச்சு. பிளேடுல வெச்சு ஓட்டினா, சுருளாம மடங்காம இறங்குச்சு. ஊதாச் சாயம், தண்ணி, ரோஸ் சாயம், தண்ணி. ஒவ்வொண்ணையும் வாய்விட்டு எண்ணிக்கிட்டே பண்ணினேன், முதல் நாள் வேலைக்கு வந்தவ மாதிரி. வெட்கமாத்தான் இருந்துச்சு. எண்ணினேன்.

ஒத்தி எடுத்ததை முதல்ல வெச்சாங்க. ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரம் வரைக்கும் நகர்த்தினாங்க. ரெண்டாவது கண்ணாடி. மூணாவது. நான் சுவத்துல இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நாலு நிமிஷம்னு அது சொல்லுது, நான் நம்பலை.

"உட்கரு உருண்டையா இருக்கு"ன்னாங்க. "எல்லாம் ஒரே அளவு. ஓட்டை இல்ல. கோடு இல்ல. ஒண்ணு மேல ஒண்ணு ஏறலை." புதுச் சீவலை வெச்சாங்க. "இதுலயும் ஓட்டை இல்ல." பழையதை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டுத் தனியா வெச்சாங்க. "இது உன் ஐஸ்தான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவங்க போனை எடுத்தாங்க. "சார், புற்றுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. கட்டியைச் சுத்தி இருக்கிற உறை முழுசாப் பார்த்தாத்தான் கடைசி முடிவு, அதுக்கு நாலு நாள் ஆகும். பாதியோட நிறுத்துங்க."

"நிச்சயமா?"

"இன்னிக்கு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது இவ்வளவுதான். நிறுத்துங்க."

"சரி, மூடுறேன்"னு வெச்சுட்டார்.

டாக்டரம்மா கையுறையைக் கழட்டிக்கிட்டே சொன்னாங்க, "ரிஜிஸ்டர்ல எழுதுவேன். நீ செஞ்சது, செய்யாதது, சொந்தத்தை மறைச்சது எல்லாம்."

"எழுதுங்க மேடம்."

"நீயும் அவளும் நல்ல சிநேகமோ?"

"பேச்சே கிடையாது மேடம், ஒண்ணரை வருஷமா."

"அடக் கடவுளே. பேசிக்கிட்டு இருந்திருந்தா மெஷினையே வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்திருப்ப"ன்னாங்க. சிரிக்கலை. நான்தான் சிரிச்சேன், அப்படியே அழுதுட்டேன்.

அந்த நாலு நாள் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. நாலு மணிக்கே முழிச்சுக்குவேன். வீட்டுக்காரர் ரெண்டு தடவை என்னன்னு கேட்டார், ரெண்டு தடவையும் எரிஞ்சு விழுந்தேன். கட்டியோட உறையை முழுசா மெழுகுல பதிச்சு, பதினாலு துண்டாச் சீவிப் பார்த்தாங்க. அதை நான் தொடலை, டாக்டரம்மா வேற பிரிவுக்கு அனுப்பிட்டாங்க. அஞ்சாம் நாள் மத்தியானம் கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் காட்டினாங்க. சாதாரணக் கட்டி. எங்கேயும் புற்று இல்ல. "போய்ச் சொல்லு"ன்னாங்க. எதைச் சொல்லணும்னு சொல்லலை.

சாயந்தரம் அவ வீட்டுக்குப் போனேன். கதவைக் கொழுந்தன் திறந்தார். ரிப்போர்ட் விஷயம் அவருக்குப் போன்லயே வந்துடுச்சு போல, முகமெல்லாம் பல்லு. "வாங்க அண்ணி, வாங்க வாங்க"ன்னு கையைப் பிடிக்காத குறையா உள்ள கூட்டிக்கிட்டுப் போனார். அவ கட்டில்ல தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ஞ்சிருந்தா. கழுத்துல வெள்ளை ஒட்டு. என்னைப் பார்த்தா, ஜன்னலைப் பார்த்தா. மூஞ்சி ஒரு சுத்து வத்தியிருந்துச்சு.

கொழுந்தன் தண்ணி கொண்டாந்து கொடுத்தார். "உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு இவ சத்தியம் வாங்கிட்டா அண்ணி, ஆனா இனிமே என்ன. மூணு வாரத்துக்கு முன்னாடியே தேதி கொடுத்தாங்க. நீங்க அப்போ லீவுல ஊருக்குப் போயிருந்தீங்கன்னு அண்ணன் சொன்னார். இவ ஒத்தைக் கால்ல நின்னா. எங்க அக்கா வேலைக்கு வந்த பிறகுதான் படுப்பேன், வேற யாரும் என் துண்டை வெட்டக் கூடாதுன்னு. சர்ஜன் திட்டினார், அப்பவும் கேக்கலை."

குடிச்ச தண்ணி புரையேறிடுச்சு. இருமி முடிச்சுத் தலையைத் தூக்கினா அவ புருஷனை முறைச்சுக்கிட்டு இருந்தா.

சும்மா இருந்திருக்கலாம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, சந்தோஷமா இருக்காங்க, நான் எதுக்குக் கெடுக்கணும்? ஆனா அந்த வீட்டுல அந்தப் பேச்சைக் காதால கேட்டுட்டு, நல்லவ மாதிரி டீ குடிச்சுட்டு வர என்னால முடியலை. நின்னவாக்குலயே சொன்னேன். ஒத்தி எடுக்க மறந்ததை, உலோகக் கட்டியை வெளியே வெச்சதை, டாக்டரம்மா புற்றுன்னு சொல்லிட்டதை, சர்ஜன் இடது பக்கம் போக இருந்ததை. 'சரியா வரலை'ன்னு பொய் சொல்ல நாக்கு வரைக்கும் வந்ததையும் சொன்னேன். எதையும் விடலை.

கொழுந்தன் மூஞ்சியில இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. "அண்ணி..."ன்னார். டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டார்.

அவ கழுத்துல இருந்த ஒட்டைத் தொட்டுப் பார்த்தா. அப்புறம் கேட்டா, "திரும்ப வெட்டினது யாரு?" குரல் கொஞ்சம் கரகரப்பா இருந்துச்சு. ஆனா அவ குரல்தான், முழுசா.

"நான்தான்."

"அந்த டாக்டர் விட்டாங்களா?"

"முடியுமான்னு கேட்டாங்க. நானே பண்றேன்னேன்."

"கை நடுங்கலை?"

"நடுங்குச்சு."

"நல்லா நடுங்கட்டும்"னா. கண்ணு ரெண்டும் கலங்கி வழிஞ்சுது, துடைச்சுக்கலை. போர்வையை இழுத்துக் கட்டில் ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டா. "உட்காருக்கா. நீ நின்னுக்கிட்டே பேசினா அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கு. தையல் இழுக்குது."